ஆங்கில இலக்கியம் படித்தால் என்ன வேலை? விண்ணப்பிக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளை, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் தேர்வாக ஆங்கில இலக்கியத்தைப் போடப் போகிறேன் என்று சொன்னால், பல வீடுகளில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் படிப்பின் பெயரிலேயே வேலையின் பெயரும் இருக்கிறது. இலக்கியத்தில் அப்படி எதுவும் இல்லை.

"ஆங்கிலம்தான் முதலாம் ஆண்டிலிருந்து படித்தாயிற்றே, அதற்கு ஒரு பட்டமா?" என்று அப்பா கேட்பார். "டீச்சர் வேலையாவது கிடைக்குமா?" என்று அம்மா கேட்பார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்திற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் என்பது சிறிய காலமல்ல. பி.டி.பி.டி.என். கடன் வாங்கினால் அதைத் திருப்பிச் செலுத்தவும் வேண்டும். ஆகவே, பிள்ளையின் ஆசையை அடக்குவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிப்பதற்கும் முன்னால், இந்தப் படிப்பு உண்மையில் என்ன, அது எந்த வேலைகளுக்கு இட்டுச் செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர் ஒன்றுபோல, படிப்பு வேறு

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'இங்கிலீஷ்' என்ற சொல் வரும் பட்டப்படிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. குறைந்தது மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஆங்கில மொழியும் மொழியியலும். மொழி எப்படி அமைந்திருக்கிறது, ஒலியும் சொல்லும் வாக்கியமும் எப்படி இயங்குகின்றன, மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே இங்கு பாடம்.

இரண்டு, டெஸ்ல் எனப்படும் ஆங்கிலம் கற்பித்தல். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியல் படிப்பு இது. கற்பித்தல் முறையும் பள்ளிப் பயிற்சியும் இதன் உள்ளேயே வந்துவிடும்.

மூன்றாவதுதான் ஆங்கில இலக்கியம். கவிதை, நாடகம், நாவல், கட்டுரை ஆகியவற்றை ஆழ்ந்து படித்து, அவற்றைப் பற்றிச் சிந்தித்து, ஆதாரத்தோடு எழுதும் படிப்பு.

சில பல்கலைக்கழகங்கள் மொழியையும் இலக்கியத்தையும் ஒரே பட்டத்தில் இணைத்துத் தருகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் ஆங்கிலத் துறையிலும், மொழியியல் வேறொரு புலத்திலும் வளர்ந்தன. யு.கே.எம்., யு.பி.எம்., யு.எஸ்.எம்., அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் ஆங்கிலத் துறைப் படிப்புகள் உள்ளன. தனியார் வரிசையில் செமினியில் உள்ள நாட்டிங்ஹாம், சன்வேயில் உள்ள மோனாஷ், கம்பாரில் உள்ள யு.டி.ஏ.ஆர். ஆகியவற்றை மாணவர்கள் நாடுகின்றனர். ஒவ்வொன்றிலும் மொழி எவ்வளவு, இலக்கியம் எவ்வளவு என்ற அளவு மாறும். பட்டத்தின் பெயரோடு நின்றுவிடாமல், பாடப் பட்டியலையும் படித்துப் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். இலக்கியப் பட்டம் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பல்ல. ஆங்கிலம் ஓரளவு கைவந்த மாணவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதே அங்கு சோதிக்கப்படுகிறது.

வகுப்பில் என்ன நடக்கும்?

முதலாம் ஆண்டில் கவிதை, நாடகம், உரைநடை ஆகியவற்றை எப்படி வாசிப்பது என்ற அடிப்படைப் பாடங்கள் இருக்கும். பிறகு ஷேக்ஸ்பியர், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல், இலக்கியக் கோட்பாடு, ஆப்பிரிக்க, இந்திய, கரிபிய எழுத்துகள் என்று விரியும். நம் நாட்டு ஆங்கில எழுத்தும் இதில் ஒரு பகுதி.

இந்தப் படிப்பு தோட்டத்து வீட்டிற்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் கே.எஸ்.மணியத்தை நினைத்துப் பார்க்கலாம். சுப்பிரமணியம் கிருஷ்ணன் என்ற இயற்பெயருடைய அவர், 1942ஆம் ஆண்டு கெடா, பீடோங்கில் பிறந்தவர். சிறிது காலம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலப்பள்ளிக்கு மாறினார். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்து, அங்கேயே ஆங்கிலத் துறையில் 1980 முதல் 1997 வரை கற்பித்தார். 2020ஆம் ஆண்டு மறைந்தார்.

1981ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவலில் வரும் ரவி, சலவைத் தொழிலாளியின் மகன். இந்தியாவிலிருந்து வந்த பாட்டி, காலூன்ற ஒரு துண்டு நிலத்திற்கு ஏங்குகிறாள். ரவி ஆங்கிலப்பள்ளிக்குப் போகிறான். படித்து இங்கிலாந்து வரை போய்த் திரும்புகிறான். அவன் படிக்கப் படிக்க, வீட்டிற்கும் அவனுக்கும் இடையே தூரம் கூடுகிறது.

இந்தக் கதையை யாரும் படித்துவிடலாம். பல்கலைக்கழக வகுப்பில் எழும் கேள்விகள் வேறு. கதையைச் சொல்வது மகன்தானே, அப்படியென்றால் தந்தையின் தரப்பை நாம் யார் வழியாகக் கேட்கிறோம்? எதைச் சொல்லாமல் விடுகிறான்? பாட்டிக்கு நிலம் என்பது என்ன, பேரனுக்குப் படிப்பு என்பது என்ன? இரண்டும் ஒரே பசியா? தமிழ் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆசிரியர் எந்தச் சொற்களை மொழிபெயர்க்காமல் விடுகிறார், ஏன்?

மாணவர் ஒரு நிலைப்பாட்டை எடுக்க வேண்டும். பக்கத்தைக் காட்டி, வரியைக் காட்டி அதை நிறுவ வேண்டும். எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். இதை ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் சொற்களில் கட்டுரையாக எழுத வேண்டும். கலந்துரையாடல் வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் வாய் திறந்து பேசவும் வேண்டும். ஓரிரு வாரத்திற்கு ஒரு நாவல் என்பது சாதாரண வேகம்.

இப்படி மூன்று, நான்கு ஆண்டுகள் பழகினால் கிடைப்பது ஒரு கைப்பழக்கம். நீளமான, சிக்கலான ஒன்றைப் படித்து, அதில் முக்கியமானது எது என்று பிரித்து, பிறருக்குப் புரியும்படி எழுதிச் சொல்லும் பழக்கம். அலுவலகங்கள் சம்பளம் கொடுப்பது இந்தப் பழக்கத்திற்குத்தான். ஷேக்ஸ்பியரைப் பற்றி எந்த முதலாளியும் கேட்கப் போவதில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவரால் முடியுமா?

முடியும். ஆனால், முதலாண்டு கடினமாக இருக்கும். நகரத்தில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு நடுவே உட்காரும்போது, கருத்து இருந்தும் வாய் திறக்கக் கூச்சப்படுவது இயல்பு. உச்சரிப்பை யாராவது கேலி செய்வார்களோ என்ற பயம் பல மாணவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறது.

அதே நேரத்தில், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்த மாணவர், கவிதை, நாவல், நாடகம் மூன்றையும் பாடமாகப் படித்தவர். ஒரு பாத்திரத்தின் பண்பை நிகழ்ச்சிகளைக் காட்டி நிறுவுவது, கவிஞர் ஏன் இந்த உவமையைத் தேர்ந்தார் என்று விளக்குவது ஆகியவற்றைத் தமிழில் செய்தவருக்கு, ஆங்கில இலக்கிய வகுப்பில் புதிதாக இருப்பது மொழி மட்டுமே. வாசிக்கும் முறை ஏற்கெனவே தெரிந்ததுதான். தமிழ் இலக்கியத்தை 'பாரம்' என்று விட்டுவிட்டு ஆங்கிலத்திற்குப் போக வேண்டும் என்பது தவறான கணக்கு.

மொழி இடைவெளியை முன்கூட்டியே குறைக்கலாம். நாள்தோறும் ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தைப் படித்து அதன் சாரத்தை ஐந்து வரியில் எழுதுவது நல்ல பயிற்சி. பதிப்புரிமை முடிந்த பழைய நாவல்களைக் குட்டன்பர்க் இணையத்தளத்தில் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். மாநில நூலகங்களிலும் ஆங்கில நூல்கள் உள்ளன. பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன் ஆறு நாவல்களை முழுமையாகப் படித்து முடித்தவருக்கு முதல் பருவம் அந்த அளவுக்கு அச்சுறுத்தாது.

நுழைவது எப்படி?

அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு யு.பி.யு. இணையத்தளம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. அந்தப் பத்து விழுக்காட்டை அலட்சியம் செய்து இடத்தை இழப்பவர்களும் உண்டு.

முயேட் தேர்வு மிக முக்கியம். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள் கொண்ட அத்தேர்வில், ஆங்கிலத் துறைகள் மற்ற கலைத்துறைகளைவிட உயர்ந்த பேண்ட் எதிர்பார்க்கும். சரியான அளவு பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் வேறுபடுவதால், அந்த ஆண்டுக்கான தகுதியை யு.பி.யு. பக்கத்திலேயே பார்க்க வேண்டும். முதல் முயற்சியில் பேண்ட் குறைந்தால் மீண்டும் எழுதலாம்.

எஸ்.டி.பி.எம். தேர்வில் ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இருக்கிறது. எல்லா ஆறாம் படிவப் பள்ளிகளிலும் அது கற்பிக்கப்படுவதில்லை. அதை எடுக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறார்கள்.

தனியார் பல்கலைக்கழகம் என்றால், அந்தப் பட்டம் எம்.கியூ.ஏ. அங்கீகாரப் பதிவேட்டில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டணம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தைவிடப் பல மடங்கு அதிகம். இலக்கியப் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும் என்பதால், பெரிய கடன் வாங்கித் தனியாரில் படிப்பதைக் குடும்பம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆசிரியர் வேலை: தெளிவாகத் தெரிய வேண்டியது

இனி அம்மாவின் கேள்வி. இங்குதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. ஆங்கில இலக்கியப் பட்டம் மட்டும் இருந்தால் அரசாங்கப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக முடியாது. அதற்குத் தனியாக ஆசிரியர் தொழில்முறைத் தகுதி வேண்டும். பட்டத்திற்குப் பிறகு கல்வியியல் டிப்ளோமா படித்து அதைப் பெறலாம். ஆனால், அதற்கான சேர்க்கை ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஆகவே, பள்ளி ஆசிரியராவதே குறிக்கோள் என்றால், நேரான பாதை டெஸ்ல். எஸ்.பி.எம். முடித்தவர்கள் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பி.ஐ.எஸ்.எம்.பி. பட்டப்படிப்புக்கு முயலலாம். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் தஞ்சோங் மாலிம் உப்சி போன்ற பல்கலைக்கழகங்களின் கல்வியியல் பட்டங்களைப் பார்க்கலாம். இலக்கியம் படித்துவிட்டு, "டெஸ்ல் எடுத்திருக்கலாமே" என்று பட்டமளிப்புக்குப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

தனியார் பள்ளிகளும் அனைத்துலகப் பள்ளிகளும் இலக்கியப் பட்டதாரிகளை ஆங்கிலம் கற்பிக்க எடுக்கின்றன. அங்கேயும் கற்பிப்பதற்குக் கல்வியமைச்சின் அனுமதி தேவை. டியூஷன் மையங்கள் இன்னொரு வழி. வருமானம் உண்டு, ஆனால் நிரந்தரம் குறைவு.

வேறு என்ன வேலைகள்?

அரசாங்கச் சேவை. பி.டி.டி. எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. நடத்தும் தேர்வு, மதிப்பீட்டு முகாம், நேர்முகம் என்று படிகள் உள்ளன. விஸ்மா புத்ராவின் அரசதந்திரிகளும் இந்தச் சேவையிலிருந்தே வருகிறார்கள். எஸ்.பி.எம். தேசிய மொழியில் கிரெடிட் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வல்லவராக இருந்து மலாய் எழுத்தில் தடுமாறுபவர் இங்கே நின்றுவிடுவார்.

ஊடகம், பதிப்பு, மக்கள் தொடர்பு. செய்தியாளர், துணையாசிரியர், பதிப்பாசிரியர், விளம்பர வாசகம் எழுதுபவர், நிறுவனங்களின் தொடர்புப் பிரிவு அதிகாரி ஆகிய வேலைகள் இந்தப் படிப்புக்கு மிக அருகில் இருப்பவை. இங்கே சான்றிதழைவிட, எழுதி வெளிவந்த கட்டுரைகளைத்தான் முதலில் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே எழுதத் தொடங்காதவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

மொழிபெயர்ப்பு, வசன வரி, மொழிபெயர்த்துரைத்தல். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் பிழையின்றி எழுதக்கூடியவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. தொலைக்காட்சி வசன வரிகள், அரசாங்க அறிக்கைகள், மருத்துவ விழிப்புணர்வுக் கையேடுகள், நீதிமன்றத்தில் தமிழ் பேசும் சாட்சியின் வாக்குமூலம் என்று தேவை பல இடங்களில் இருக்கிறது. இந்த வரிசையில் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு மற்ற ஆங்கிலப் பட்டதாரிகளிடம் இல்லாத ஒரு கூடுதல் பலம் உண்டு.

தனியார் அலுவலகங்கள். வங்கி, காப்புறுதி, மனிதவளம், பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் ஆகியவற்றில் எந்தத் துறைப் பட்டதாரியையும் எடுக்கும் பயிற்சித் திட்டங்கள் உள்ளன. அங்கே மின்னஞ்சல், அறிக்கை, வாடிக்கையாளருடன் பேச்சு என்று நாள் முழுவதும் மொழியே வேலை. அதோடு கணக்கு அட்டவணை, தரவு போன்ற ஒரு கணினித் திறனும் சேர்ந்தால்தான் போட்டியில் நிற்க முடியும்.

மேற்படிப்பு. சட்டம், நூலகவியல், இதழியல், கல்வியியல் என்று இரண்டாவது தகுதி தேடலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவரும் 'ஸ்கார்ப்பியன் ஆர்க்கிட்' நாவலை எழுதியவருமான லாயிட் பெர்னாண்டோ, ஓய்வுக்குப் பிறகு சட்டம் படித்து 1980ஆம் ஆண்டு வழக்கறிஞரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சிங்கப்பூரில், தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கவிஞர் எட்வின் தம்பு, ஆங்கிலப் பட்டம் பெற்ற பிறகு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகங்களில் வேலை செய்தார். 1966ஆம் ஆண்டுதான் பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கு வந்தார். இலக்கியப் பட்டத்திலிருந்து வேலைக்குப் போகும் பாதை நேர்க்கோடாக இருப்பதில்லை என்பதற்கு இவர்களே சான்று.

எழுத்தாளராவது? மலாக்காவில் வறுமையில் வளர்ந்த ஷெர்லி லிம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் முதல் வகுப்பில் தேறி, 1980ஆம் ஆண்டு காமன்வெல்த் கவிதைப் பரிசு வென்றார். அவரும் வாழ்நாள் முழுவதும் பேராசிரியராகவே பணியாற்றினார். எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது இந்நாட்டில் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சாதாரண விளம்பரக் குறிப்பு, எளிய மொழிபெயர்ப்பு போன்ற தொடக்கநிலை வேலைகளைக் கணினி சில நொடிகளில் செய்துவிடுகிறது. முன்பு புதுப் பட்டதாரி கற்றுக்கொண்டே சம்பாதித்த வேலைகள் இவை. இனி நடுத்தரமாக எழுதத் தெரிந்தால் போதாது. கணினி எழுதித் தந்ததில் எங்கே தவறு, எங்கே பொருள் மாறிவிட்டது, தமிழில் இது மரியாதைக் குறைவாக ஒலிக்கிறதா என்று பிடித்துத் திருத்தக்கூடியவராக இருக்க வேண்டும். ஆழ்ந்து வாசிக்கப் பழகியவருக்கு இது வரும். கட்டுரைகளைக் கணினியிடமே எழுதி வாங்கிப் பட்டம் பெற்றவருக்கு வராது.

யாருக்கு இது வேண்டாம்?

ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்பதற்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம். அதற்குக் குறுகிய காலப் பயிற்சிகள் போதும். யு.பி.யு. தந்தது இதுதான் என்பதற்காக, வாசிப்பில் விருப்பமே இல்லாமல் போவதும் நல்லதல்ல. ஓர் ஆண்டில் பாடநூல் அல்லாத இரண்டு நூல்களைக்கூட முடிக்காதவருக்கு, ஓரிரு வாரத்திற்கு ஒரு நாவல் என்பது சுமையாகிவிடும்.

மாறாக, கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பிள்ளை, படித்ததைப் பற்றி வீட்டில் வாதாடும் பிள்ளை, தமிழ்க் கட்டுரைப் போட்டிகளுக்குத் தானே பெயர் கொடுக்கும் பிள்ளை என்றால், "இதில் சோறு கிடைக்காது" என்று தடுப்பதற்கு முன் பெற்றோர் ஒருமுறை யோசிக்கலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போகும்போது இவற்றைக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

1. உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பட்டதாரிகளிடம் எஸ்.கே.பி.ஜி. ஆய்வு நடத்துகிறது. அதில் இந்தத் துறை மாணவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன வேலையில் இருக்கிறார்கள்?

2. தொழிற்பயிற்சி கட்டாயமா? கடந்த ஆண்டு மாணவர்கள் எந்த நிறுவனங்களுக்குப் போனார்கள்?

3. துணைப்பாடமாக ஊடகம், மொழிபெயர்ப்பு, வணிகம் போன்ற ஒன்றை எடுக்க முடியுமா?

4. மொழியில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்கு என்ன உதவி உண்டு?

5. மொத்தச் செலவு எவ்வளவு? தங்குமிடம், உணவு, நூல்கள் உட்பட?

பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இந்தப் பட்டத்தோடு வேறு எதைச் சேர்க்கப் போகிறாய்?" ஆசிரியர் தகுதியா, எஸ்.பி.ஏ. தேர்வா, வெளிவந்த எழுத்தா, மும்மொழி மொழிபெயர்ப்பா? இதற்குப் பதில் வைத்திருக்கும் மாணவருக்கு இந்தப் பட்டம் பல கதவுகளைத் திறக்கும். பதில் இல்லாதவர், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை விளம்பரங்களில் தன் துறையின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். அது அங்கே இருக்காது.

ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆங்கிலம் துரைக்கும் கிராணியாருக்கும் உரிய மொழியாக இருந்தது. மற்றவர்கள் அதை வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். இன்று அதே தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் அந்த மொழியின் இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அதில் தங்கள் கதை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேள்வி கேட்க முடிகிறது. இந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பதும் விடுவதும் அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை யு.பி.யு. விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவில் அவசரமாக எடுக்காமல், சில மாதங்களுக்கு முன்பே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எடுப்பது நல்லது.